கோயில் கணக்குக்கு சாஃப்ட்வேர்: எக்செல்லயே ஓட்டுறதா, சந்தா கட்டுறதா, இலவசமா எடுக்குறதா, எழுத வைக்கிறதா?

போன மாசம் ரெண்டு பேர் தனித்தனியா வந்து ஒரே கேள்வியக் கேட்டாங்க. ஒருத்தர் காரைக்குடிப் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்குல, அதாவது ஒரு சர்ச்சைச் சேர்ந்த சபையில, பங்குப்பேரவை செயலாளர், அறுநூறு குடும்பம், இருபது அன்பியம் (அக்கம்பக்கத்து வீடுங்க சேர்ந்த குழு), வருஷத் திருவிழாவுக்கு வரி வசூல், கட்டட நிதி, பூசைக் கருத்து (இன்னாருக்காக பூசை வைக்கச் சொல்றது) எல்லாம் நாலஞ்சு நோட்டுல கிடக்கு. இன்னொருத்தர் புதுவயல் பக்கம் முதியோர் இல்லமும் சாயங்கால டியூஷனும் நடத்துற டிரஸ்ட்டோட பொருளாளர். "தம்பி, சாஃப்ட்வேர் வாங்கவா, உங்களையே எழுதச் சொல்லவா"ன்னு ரெண்டு பேரும் கேட்டாங்க. நான் சாஃப்ட்வேர் எழுதுற வேலையில பல வருஷமா இருக்கேன், கோயில் கமிட்டிக்கும் எழுதியிருக்கேன், சர்ச்சுக்கும் எழுதியிருக்கேன், அதனால "எழுதித் தரேன்"னு சொல்லிட்டா எனக்கு வேலை கிடைக்கும். ஆனா ரெண்டு பேருக்குமே நான் உடனே அப்படிச் சொல்லல. ஏன்னு விவரமா எழுதுறேன், இதே குழப்பத்துல இருக்குற மத்தவங்களுக்கும் ஆகும்.

முதல்ல எதை வச்சு அளக்குறது

டெமோ பார்க்கும்போது எல்லா சாஃப்ட்வேரும் அழகாத்தான் இருக்கும். பிறந்தநாள் வாழ்த்து தானா போகும், கலர் கலரா சார்ட் வரும். அதையெல்லாம் ஒரு ஓரமா வச்சிட்டு நான் ஆறு விஷயம் பார்ப்பேன், அதுல முதல் மூணுதான் உயிர்.

ஒண்ணு, எந்த நோக்கத்துக்கு வந்த பணமோ அந்த நோக்கத்துல நிக்குதா. எங்க தாத்தா தேவகோட்டையில ஒரு செட்டியார் வீட்டுல கணக்குப்பிள்ளையா இருந்தவர். அந்தக் கடைக் கணக்குல மகமைன்னு ஒரு தனிப்பற்று உண்டு, வியாபாரத்துல இருந்து தர்மத்துக்குன்னு ஒதுக்குற காசு, சாமி பேருலயே பேரேட்டுல பக்கம் இருக்கும், முதலாளியே ஆனாலும் அதுல கை வைக்க மாட்டாரு, வருஷக் கடைசியில ஐந்தொகை எடுக்கும்போது அது தனியா நிக்கும். இன்னைக்கு ஃபண்ட் அக்கவுண்டிங்னு பெரிய பேரு வச்சு சொல்றாங்களே, அது இதுதான். கட்டட நிதிக்குன்னு ஒரு அம்மா கொடுத்த ஐயாயிரம் ரூபாய் கரண்ட் பில்லுக்குப் போயிருந்தா உங்க சாஃப்ட்வேர் அதைக் காட்டணும். காட்டலைன்னா மத்த எது இருந்தும் புண்ணியம் இல்ல.

ரெண்டு, பேரும் குடும்பமும். இது வெளியில இருந்து பார்க்குறவங்களுக்குப் புரியாத சங்கதி, அதனால கொஞ்சம் நிறுத்தி சொல்றேன். ஞானஸ்நானப் பதிவேட்டுல சூசைன்னு இருக்கும், பள்ளிச் சான்றிதழ்ல ஜோசப்னு இருக்கும், ஆதார்ல யோசேப்புன்னு இருக்கும், மூணும் ஒரே ஆளு. ராயப்பன் பீட்டராவாரு, சின்னப்பன் பால் ஆவாரு, அருளப்பன் ஜான் ஆவாரு. ஒரு பேரைத் தேடினா மத்ததும் வரணும். நகரத்தார் கோயில் கமிட்டிக்கு எழுதினப்ப இதுக்கு நேர் எதிர் சிக்கல்: தாத்தா பேரையே பேரனுக்கு வைக்கிற வழக்கத்துனால அண்ணன் தம்பி வீட்டுப் பேரப்பிள்ளைங்க எல்லாருக்கும் ஒரே பேரு, வீட்டு விலாச எழுத்தும், அதாவது இனிஷியலும், ஒண்ணு, பேரை வச்சு ரெட்டைப் பதிவு கண்டுபிடிக்கப் போனா நாலு பேரை ஒரே ஆளாக்கிரும். அப்புறம் குடும்பம்ங்கிறது நிக்கிற பொருள் கிடையாது. இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டின்னு நகரத்தாருக்கு ஒன்பது கோயில், கல்யாணம்னா அவங்கவங்க கோயில்ல இருந்து மாலை வரணும், கல்யாணம் ஆனதும் அந்தப் பையன் தனிப் புள்ளி, அதாவது கோயில் கணக்குல தனிக் குடும்பம், அதுல இருந்து புள்ளி வரி. நம்ம பங்குலயும் அதேதான், மகனுக்கு கல்யாணம் முடிஞ்சா தனிக் குடும்ப அட்டை, தனி வரி. ஒரு குடும்பம் ரெண்டாப் பிரியுறதை ஒரு பட்டன்ல செய்ய முடியாத சாஃப்ட்வேர் நம்ம ஊருக்கு ஆகாது.

மூணு, ஆள் மாறினா என்ன ஆகும். பங்குச் சாமியார் சில வருஷத்துல மாறிருவாரு. பேரவைக்கு புது ஆளுங்க வருவாங்க. டிரஸ்ட்டுல கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஒரே தங்கச்சிக்கு கல்யாணம் ஆகி ஓசூர் போயிரும். அந்த நாள்ல உங்க தகவல் உங்க கையில இருக்குமா, வேற இடத்துக்கு எடுத்துட்டுப் போக முடியுமா. என்னைக் கேட்டா மத்த அஞ்சையும் விட இதுதான் பெருசு, ஏன்னா மத்த குறையை எல்லாம் பிற்பாடு சரி பண்ணிக்கலாம்.

மிச்சம் மூணு: வரி, எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) படிவங்களுக்கு வேண்டிய விவரம் கிடைக்குதா, ரகசியம் காக்குதா, அஞ்சு வருஷத்துக்கு மொத்தச் செலவு எவ்வளவு. மொத வருஷச் செலவை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க.

எந்த வழியில போனாலும் உள்ள செலவு

இது நாலு வழிக்கும் பொது, அதனால முன்னாடியே சொல்லிடறேன். அறுநூறு குடும்பம், வீட்டுக்கு நாலு பேர்னு வச்சா 2400 பேர். ஒருத்தருக்கு மூணு நிமிஷம்னு போட்டாலே 120 மணி நேரம் டைப் பண்ணணும், தினம் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் உக்காந்தா அறுபது நாள். இது வீடு வீடாப் போய் சரிபார்க்குற நேரம் சேர்க்காம. பழைய பட்டியல் கம்ப்யூட்டர்லயே இருக்குன்னு சந்தோஷப்படாதீங்க, அது பாமினி, வானவில் மாதிரி பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்சதா இருந்தா முதல்ல யூனிகோடுக்கு மாத்தணும், மாத்தினதுக்கு அப்புறம் ஒவ்வொரு பேரையும் கண்ணால பார்க்கணும், கொம்பும் காலும் இடம் மாறி நிக்கும்.

மொத்தமா எஸ்.எம்.எஸ். அனுப்பணும்னா டி.எல்.டி. பதிவு (மொபைல் கம்பெனிங்ககிட்ட அனுப்புறவர் பேரைப் பதியுறது) வேணும், அனுப்புற வாசகத்தையும் முன்கூட்டியே பதியணும், எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் இதுக்கு விதிவிலக்கு இல்ல. யு.பி.ஐ. கியூ.ஆர். ஒட்டிட்டா வேலை மிச்சம்னு நினைக்கிறாங்க, ஆனா பேங்க் ஸ்டேட்மென்ட்ல வர்றது அனுப்பினவரோட யு.பி.ஐ. பேரு, அது எந்தக் குடும்பத்து வரி, எந்த நிதிக்குன்னு யாராவது உக்காந்து பிரிக்கத்தான் வேணும். மகன் சென்னையில இருந்து அம்மா வரியக் கட்டியிருப்பான்.

முதல் வழி: எக்செல் அல்லது கூகுள் ஷீட், கூட டேலி

இதை யாரும் ஒரு வழியாவே மதிக்கிறதில்ல, எனக்கு அதுல வருத்தம். ஒழுங்கா வச்சா முந்நூறு குடும்பம் வரைக்கும், ஏன் அறுநூறுக்குமே தாங்கும்.

ஒழுங்குன்னா என்ன: ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு எண், அந்தக் குடும்பம் ஊரை விட்டே போனாலும் அந்த எண்ணை வேற யாருக்கும் கொடுக்கக் கூடாது. ஆளுக்கு ஒரு வரி. ரசீதுக்குத் தனி ஷீட், அதுல நோக்கம்னு ஒரு கட்டம், அதுல கையால டைப் பண்ண விடாம பட்டியல்ல இருந்து தேர்ந்தெடுக்க வைக்கணும், இல்லாட்டி "கட்டட நிதி", "கட்டிட நிதி", "பில்டிங்"னு மூணு நிதி உருவாகும். வருஷக் கணக்கு டேலி கணக்கு சாஃப்ட்வேர்ல, நோக்கம் ஒவ்வொண்ணையும் காஸ்ட் சென்டரா, அதாவது வரவு செலவைத் தனியாக் காட்டுற தலைப்பா வச்சு. காரைக்குடியில எந்தத் தெருவுல கேட்டாலும் டேலி தெரிஞ்ச ஆள் கிடைப்பாங்க, ஆடிட்டர் ஆபீஸ்லயும் அதுதான் ஓடுது. ஆள் மாறினா என்ன ஆகும்ங்கிற கேள்விக்கு இந்த வழிதான் நாலுலயும் நல்ல பதில் சொல்லுது.

எங்க உடையும்? ரெண்டு பேர் ஒரே நேரத்துல ரசீது போடும்போது. எக்செல் ஃபைல் பென் டிரைவ்ல சுத்த ஆரம்பிச்சு "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "ஃபாதர் பார்த்தது"ன்னு மூணு பிரதி ஆகும்போது. கூகுள் ஷீட்னா அந்தப் பிரச்சனை குறைவு, யார் எப்ப மாத்தினாங்கன்னு வரலாறும் இருக்கும், ஆனா ஷீட்டைத் திறந்தவங்களுக்கு எல்லாமே தெரியும். ஏழைங்களுக்கு உதவுற வின்சென்ட் தே பவுல் சபையில அரிசி வாங்குற குடும்பம் எதுன்னு ரசீது போடுற பையனுக்குத் தெரியணுமா? தெரியக் கூடாது. அதுக்கு வேற ஃபைல் வைக்கணும், வச்சவங்க ரொம்பக் கம்மி.

இது யாருக்கு: சின்ன பங்கு, துணைப் பங்கு, ஒரே பொருளாளர் கையில ரசீது இருக்குற டிரஸ்ட், இன்னும் தகவலே சேகரிக்காத எல்லாரும்.

ரெண்டாவது வழி: மாசச் சந்தா கட்டுற வெளிநாட்டு சாஃப்ட்வேர்

பிளானிங் சென்டர், பிரீஸ் மாதிரி அமெரிக்க சாஃப்ட்வேர். நல்ல சரக்குதான், குறை சொல்ல மாட்டேன். பிளானிங் சென்டர்ல ஆள் விவரப் பகுதி இலவசம், மத்த பகுதிக்கெல்லாம் தனித்தனியா அளவுக்கேத்த சந்தா. ஞாயிறு ஆராதனைக்கு யார் கிட்டார், யார் ஸ்லைடுன்னு அட்டவணை போடுறது, பிள்ளைங்களை சண்டே ஸ்கூல்ல விட்டு வாங்குறது இதெல்லாம் பிரமாதமா செய்யும்.

நமக்கு இடிக்கிற இடம் பேருலயே ஆரம்பிக்குது. முதல் பேரு, குடும்பப் பேருன்னு ரெண்டு கட்டம், குடும்பப் பேரை வச்சு வீட்டை அடையாளம் காட்டும். நமக்கு இனிஷியல், புருஷனுக்கு ஒண்ணு பொண்டாட்டிக்கு ஒண்ணு பிள்ளைக்கு ஒண்ணு. ரசீது அவங்க நாட்டு வரிச் சட்டப்படி வரும். பில் டாலர்ல, மேல ஜி.எஸ்.டி., பேங்க் மாற்றுக் கட்டணம், ரூபாய் இறங்கினா உங்க சந்தா தானா ஏறும். தமிழ்ல ரசீது அடிக்க முடியுமான்னு வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ரசீது அடிச்சே பாருங்க, வாய் வார்த்தையை நம்பாதீங்க. சந்தாவை நிறுத்தினா எக்செல்லா தகவலை எடுக்கலாம், ஆனா ஆளுக்கும் வீட்டுக்கும் உள்ள தொடர்பு, பழைய ரசீதுக் குறிப்பு இதெல்லாம் முழுசா வருதான்னு இலவச சோதனை காலத்துலயே இறக்கிப் பார்த்துரணும்.

இது யாருக்கு: மதுரை, சென்னை மாதிரி ஊர்ல ஆங்கில ஆராதனை நடத்துற, தன்னார்வலர் அட்டவணைதான் பெரிய தலைவலியா இருக்குற சபைக்கு. செட்டிநாட்டுப் பக்கம் ஒரு பங்குக்கும் நான் இதைச் சொன்னதில்ல.

மூணாவது வழி: ஓப்பன் சோர்ஸ்

லைசென்ஸ் காசு கிடையாது, கோடு திறந்து கிடக்கும், நம்ம சர்வர்ல நாமளே வச்சுக்கலாம். மூணைப் பத்தி மட்டும் சொல்றேன்.

சர்ச்சி.ஆர்.எம்., பி.எச்.பி.யும் மைசீக்வலும் வச்சு எழுதினது, சாதாரண ஹோஸ்டிங்லயே ஓடும். குடும்பம், ஆள், குழு, நிதி வாரியா காணிக்கைன்னு அடிப்படை எல்லாம் இருக்கு. ஆனா காணிக்கை எண்ணிக்கை அமெரிக்கப் பழக்கப்படி செக், டெபாசிட் சிலிப்னு போகும், முழு இரட்டைப் பதிவுக் கணக்கு (ஒவ்வொண்ணையும் பற்று, வரவுன்னு ரெண்டு பக்கமும் எழுதுறது) அதுல கிடையாது, அதனால டேலி பக்கத்துலயே இருக்கணும்.

சிவிசி.ஆர்.எம்., இது 2005ல இருந்து வர்றது, தொண்டு நிறுவனங்களுக்குன்னே செஞ்சது, வேர்ட்பிரஸ், துரூபல் மாதிரி வெப்சைட் சாஃப்ட்வேர் மேல ஓடும். ஆள், வீடு, அமைப்புன்னு மூணு வகைத் தொடர்பு வைக்கலாம், உறவு முறையை நாமளே வரையறுக்கலாம், நமக்கு வேண்டிய கட்டத்தை நாமளே சேர்க்கலாம். நன்கொடையாளர் ஆயிரக்கணக்குல இருக்குற டிரஸ்ட்டுக்கு இதுக்கு ஈடு இல்லன்னு நான் நினைக்கிறேன். கத்துக்க நாள் ஆகும், ஒரு வாரத்துல பழகிரலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இ.ஆர்.பி. நெக்ஸ்ட், மும்பைக்காரங்க செஞ்சது. இரட்டைப் பதிவுக் கணக்கு, காஸ்ட் சென்டர், ஸ்டாக், சம்பளம் எல்லாம் ஒரே இடத்துல, நம்ம நாட்டு வழக்கத்துக்கு ஏத்த மாதிரி, தொண்டு நிறுவனப் பகுதியில உறுப்பினர், நன்கொடையாளர், 80ஜி (நன்கொடைக்கு வருமான வரி விலக்கு) சான்றிதழ் வரைக்கும் இருக்கு. முதியோர் இல்லத்துல அரிசி மருந்து ஸ்டாக்கும், வேலையாள் சம்பளமும், நன்கொடையும் ஒண்ணா பார்க்கணும்னா இதுதான். ஒரு பாடம் இதுல உண்டு: 14வது பதிப்புல அந்தத் தொண்டு நிறுவனப் பகுதியையும் சம்பளப் பகுதியையும் மையத்துல இருந்து பிரிச்சு தனித்தனி ஆப்பா வச்சிட்டாங்க. அதுங்களை நம்பி ஓட்டினவங்க மேம்படுத்தும்போது தனியா அதுங்களைச் சேர்த்து, சோதிச்சு, மாத்த வேண்டி வந்துச்சு. திறந்த மூலம்னா திசையை வேற யாரோ முடிவு பண்ணுவாங்க, நாம பின்னாடி போகத் தயாரா இருக்கணும்.

மறைவான செலவு எங்கன்னா, சர்வர் வாடகை பெரிய காசு இல்ல, அதைப் பார்த்துக்குற ஆள்தான் செலவு. பேக்கப் எடுக்கணும், எடுத்த பேக்கப் திரும்ப வருதான்னு மூணு மாசத்துக்கு ஒருக்கா இறக்கிப் பார்க்கணும், பாதுகாப்பு அப்டேட் வந்தா போடணும். இன்னொரு பள்ளம், அவசரத்துக்கு மூலக் கோடுலயே கை வைக்கிறது. தமிழ் ரசீது வேணும்னு உள்ளே போய் நாலு வரி மாத்தியாச்சுன்னா அடுத்த அப்டேட் போட முடியாது, போட்டா ரசீது போயிரும், போடலைன்னா ஓட்டையோட ஓடும். மாற்றம் எல்லாம் தனி எக்ஸ்டென்ஷனா இருக்கணும்னு வேலை செய்யுறவர்கிட்ட எழுதி வாங்குங்க.

இது யாருக்கு: மாசம் ஒரு நாளாவது ஒதுக்கித் தர்ற தொழில்நுட்ப ஆள் ஒருத்தரும், அவருக்கு மாற்றா இன்னொருத்தரும் உள்ள அமைப்புக்கு. ரெண்டாவது ஆள் இல்லைன்னா வேண்டாம்.

நாலாவது வழி: நாமளே எழுதுறது, எழுத வைக்கிறது

இது என் தொழில், அதனால இதைப் பத்தித்தான் கூடச் சொல்லணும்.

எழுதினா கிடைக்கிற லாபம் பெருசு. சூசையத் தேடினா ஜோசப் வரும். குடும்பம் பிரியுறது ஒரு பட்டன். அன்பியம் வாரியா வரி பாக்கி. பூசைக் கருத்துப் பதிவேடு தேதி வாரியா, காணிக்கையோட. ஞானஸ்நானப் பதிவேட்டுல ஓரக் குறிப்பு, அதாவது உறுதிபூசுதல், கல்யாணம் எல்லாம் ஞானஸ்நானம் பெற்ற பங்கோட பதிவேட்டுல குறிக்கணும்னு திருச்சபைச் சட்டம் 535 சொல்லுது, பொண்ணு தூத்துக்குடியில கல்யாணம் முடிச்சாலும் குறிப்பு இங்க வரணும். வெளிநாட்டு சாஃப்ட்வேர் எதுலயும் இதுக்கு நான் நல்ல இடம் பார்க்கல. சிவகங்கை மறைமாவட்டம் 1987லதான் மதுரையில இருந்து பிரிஞ்சுச்சு, அதுக்கு முந்தின பதிவுல மறைமாவட்டம் மதுரைன்னு இருக்கும், சான்றிதழ் அடிக்கும்போது பழசை அப்படியே அடிக்கணும், சாஃப்ட்வேர் தானா சிவகங்கைன்னு போட்டா தப்பான சான்றிதழ். இதெல்லாம் நம்ம ஊர்ல உக்காந்து எழுதினாத்தான் தெரியும். ஒண்ணு மட்டும், தோல் அட்டை போட்ட அந்த மூலப் பதிவேட்டை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீங்க, கம்ப்யூட்டர்ல இருக்குறது தேடுறதுக்கு.

இப்ப செலவுப் பக்கம். எழுதுற காசு பாதிதான், மீதி பின்னாடி வரும். எனக்கே நடந்தது சொல்றேன். நான் மொத மொத ஒரு சபைக்கு எழுதினப்ப காணிக்கைக்கு ஒரு தொகை, ஒரு நோக்கம்னு வச்சேன். ஞாயித்துக்கிழமை ஒருத்தர் ஆயிரம் ரூபாய் கவர் கொடுக்குறாரு, ஐந்நூறு வரிக்கு, முந்நூறு கட்டடத்துக்கு, இருநூறு அசன விருந்துக்கு. என் சாஃப்ட்வேர்ல அதைப் போட வழி இல்ல, ரசீது போடுறவங்க மூணையும் வரியிலயே போட்டுட்டாங்க. வருஷக் கடைசியில கட்டட நிதி குறைஞ்சு நிக்குது, கூட்டத்துல ஒரு நேர்மையான மனுஷனை எல்லாரும் சந்தேகமாப் பார்த்தாங்க. மூணு வாரம் கவர் கவரா எடுத்து சரி பண்ணிக் கொடுத்தேன். தாத்தா பேரேட்டுல இருந்த மகமைப் பக்கத்தை அப்ப நினைச்சிருந்தா அந்தத் தப்பு வந்திருக்காது. ஒரு ரசீது, அதுக்குக் கீழ எத்தனை வரி வேணும்னாலும், இதுதான் அடிப்படை.

இன்னொரு டிரஸ்ட்டுல பார்த்தது. டெவலப்பர் ஒருத்தர் நல்லா எழுதிக் கொடுத்தாரு, சர்வரும் டொமைனும் அவரோட சொந்தக் கார்டுல. அவரு வெளிநாடு போனாரு, கார்டு காலாவதி ஆச்சு, சைட்டு நின்னுச்சு. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்ல, ஆனா மூணு வருஷ நன்கொடையாளர் பட்டியல் திரும்பி வர நாலு மாசம் ஆச்சு. காலேஜ் பிள்ளைங்க பிராஜெக்ட்டா செஞ்சு தர்றதும் இப்படித்தான், ஆர்வமா செய்வாங்க, வைவா முடிஞ்சதும் அவங்க வாழ்க்கை அவங்களுக்கு, அதுல அவங்க தப்பு ஒண்ணும் இல்ல. ரசீது, பணம் தொடாத வேலைக்கு, அதாவது திருவிழா நிகழ்ச்சி அட்டவணை, பாட்டுப் பட்டியல் மாதிரி விஷயத்துக்கு அவங்களைச் சேர்த்துக்கலாம்.

சட்டம் மாறுறது அடுத்த செலவு. 80ஜி உள்ள டிரஸ்ட் நன்கொடையாளர் விவரத்தை 10பிடி படிவத்துல மே 31க்குள்ள கொடுத்து, 10பிஇ சான்றிதழ் இறக்கித் தரணும்னு பழக்கமாகியிருந்துச்சு. 2026 ஏப்ரல் 1ல இருந்து புது வருமான வரிச் சட்டம் வந்தாச்சு, பிரிவு எண்ணும் படிவ எண்ணும் மாறுது. கோடுக்குள்ள "80ஜி"ன்னு நேரா எழுதி வச்ச சாஃப்ட்வேர் எல்லாத்தையும் திறந்து திருத்தணும், அந்த ஆள் இப்ப எங்க இருக்காரு? இதுக்கு வருஷா வருஷம் பராமரிப்புன்னு ஒரு தொகை ஒதுக்கியே ஆகணும், எழுதுறதுக்குக் கொடுத்ததுல அஞ்சுல ஒரு பங்குன்னு நான் கணக்கு வச்சுச் சொல்றது வழக்கம். இன்னொண்ணு, முழுக்க சமய அமைப்பா பதிஞ்ச கோயிலுக்கோ சர்ச்சுக்கோ 80ஜி பொதுவா கிடைக்காது, அதனால பங்குக்கு அந்தப் பகுதியே வேண்டாம். 80ஜி இருக்குற டிரஸ்ட்டுலயும் 2000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தா கொடுத்தவருக்கு விலக்கு இல்ல, ரசீது போடும்போதே திரையில அதைச் சொல்லிரணும்.

நம்ம பக்கத்துக்குன்னு உள்ள பெரிய விஷயம் எஃப்.சி.ஆர்.ஏ. இங்க வீட்டுக்கு ஒருத்தர் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடான்னு இருக்காங்க. இந்தியப் பாஸ்போர்ட்டோட துபாய்ல வேலை பார்க்குற தம்பி தன் சம்பாத்தியத்துல பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே ஊர்ல பிறந்து சிங்கப்பூர் குடியுரிமை வாங்கின அண்ணன், திருவிழாவுக்கு வந்த இடத்துல ரூபாயாவே கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு அதை வாங்கவே கூடாது. பதிவு இருந்தாலும் 2020 திருத்தத்துக்கு அப்புறம் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச்ல உள்ள கணக்குலதான் வாங்கணும், தனிப் புத்தகம், நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது. அதனால நன்கொடையாளர் பக்கத்துல "எந்த நாட்டுக் குடிமகன்"னு ஒரு கட்டம் கட்டாயம், அதை நிரப்பாம ரசீது அடிக்க விடக் கூடாது. நான் பார்த்த சாஃப்ட்வேர்கள்ல முகவரி நாடு கேட்குது, குடியுரிமை கேட்கிறதில்ல. எழுத வைக்கிறதுக்கு இந்த ஒரு கட்டமே போதுமான காரணம்னு சொல்ல மாட்டேன், ஏன்னா சிவிசி.ஆர்.எம்.லயும் கூகுள் ஷீட்லயும் அதைச் சேர்க்கலாம். சேர்க்கணும்னு யாராவது நினைக்கணும், அவ்வளவுதான்.

அப்புறம் பிள்ளைங்க விவரம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல வந்துச்சு, விதிகள் 2025 நவம்பர்ல அறிவிச்சாங்க, படிப்படியா அமலுக்கு வருது. 18 வயசுக்குக் கீழ உள்ளவங்க விவரத்துக்கு பெத்தவங்க ஒப்புதல் வேணும். டியூஷன் சென்டர்ல பிள்ளைங்க போட்டோ, அப்பாவோட குடிப்பழக்கம், யார் வீட்டுல சோறு இல்லங்கிறதெல்லாம் எழுதி வைக்கிற பழக்கம் உண்டு. உதவி பண்ணத்தான் எழுதுறாங்க, ஆனா அது வெளியே போனா அந்தப் பிள்ளை அதே தெருவுல நடக்கணும். எழுதாம இருக்க முடிஞ்சதை எழுதாதீங்க.

எழுத வைக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டா, கணக்குப் பகுதியை எழுத வைக்காதீங்க. ரசீது வரைக்கும் உங்க சாஃப்ட்வேர், அதுக்கு மேல தினசரித் தொகையை டேலிக்கு ஏத்திரலாம். போட்ட ரசீதை அழிக்க வழியே இருக்கக் கூடாது, ரத்துன்னு மட்டும் போடலாம், எண் அப்படியே நிக்கும். திருவிழா ராத்திரி கரண்டும் நெட்வொர்க்கும் போகும், அதுக்கு அச்சடிச்ச ரசீது புக்கு, மறுநாள் அந்த எண்ணோடயே ஏத்துற வசதி. சர்வர், டொமைன், கோடு மூணும் அமைப்போட பேருல. மாசம் ஒருக்கா மொத்தத் தகவலும் எக்செல்லா பொருளாளர் மெயிலுக்கு வரணும், அதைத் திறந்து பார்த்தேன்னு அவரு பதில் போடணும். இதுக்கெல்லாம் ஒத்துக்காத டெவலப்பர்கிட்ட, அது நானாவே இருந்தாலும், கொடுக்காதீங்க.

ஒரே பார்வையில

| எதை வச்சு | எக்செல் + டேலி | வெளிநாட்டு சந்தா | ஓப்பன் சோர்ஸ் | எழுத வைக்கிறது |
|---|---|---|---|---|
| நோக்க வாரியா பணம் | ஒழுங்கா வச்சா வரும் | காணிக்கை வரைக்கும் வரும் | இ.ஆர்.பி. நெக்ஸ்ட்ல முழுசா | முதல் நாளே யோசிச்சா வரும் |
| நம்ம பேரு, குடும்பம் | கையால சமாளிக்கலாம் | இடிக்கும் | சிவிசி.ஆர்.எம். நல்லா வளையும் | நல்லா வரும் |
| ஆள் மாறினா | பயம் இல்ல | சந்தா கட்டுற வரை பயம் இல்ல | ரெண்டாவது ஆள் வேணும் | பெரிய ஆபத்து |
| நம்ம நாட்டுப் படிவம் | ஆடிட்டர் பார்த்துக்குவாரு | கிடையாது | ஓரளவு | மாறும்போதெல்லாம் செலவு |
| ரகசியம் | பலவீனம் | நல்லது, ஆனா தகவல் வெளியாள் சர்வர்ல | சர்வர் பார்க்குற ஆளைப் பொறுத்தது | எழுதினவரைப் பொறுத்தது |
| அஞ்சு வருஷச் செலவு | குறைவு | ஏறிக்கிட்டே போகும் | ஆள் சம்பளம் | அதிகம் |

அந்த ரெண்டு பேருக்கும் சொன்னது

டிரஸ்ட் பொருளாளருக்கு இ.ஆர்.பி. நெக்ஸ்ட் சொன்னேன். ஸ்டாக், சம்பளம், 80ஜி மூணும் அவங்களுக்கு வேணும், அவங்க தம்பி மகன் காரைக்குடியிலயே இந்த வேலையில இருக்கான், அவனோட நண்பன் ஒருத்தனையும் சேர்த்துக்கிட்டு ரெண்டு பேரும் பழகட்டும்னு சொன்னேன். குடியுரிமைக் கட்டத்தை மட்டும் முதல் வாரமே சேர்க்கச் சொல்லியிருக்கேன்.

பங்குக்கு இப்ப எதையும் வாங்க வேண்டாம்னு சொன்னேன். ஒரு வருஷம் கூகுள் ஷீட், டேலி. அன்பியம் அன்பியமா வீடு வீடாப் போய் படிவம் நிரப்பி, ஞானஸ்நானப் பேரு, பள்ளிப் பேரு, வீட்டுல கூப்பிடுற பேரு மூணையும் வாங்கணும். அந்தத் தகவல் சுத்தமா வந்ததுக்கு அப்புறம் சிவிசி.ஆர்.எம்.ல ஏத்துறதா, எழுத வைக்கிறதான்னு பேரவை முடிவு பண்ணட்டும், அப்ப தகவலை ஏத்துறது ஒரு வார வேலை. செயலாளருக்கு முதல்ல முகம் வாடிருச்சு, சாஃப்ட்வேர் கையோட வாங்கிட்டுப் போகலாம்னு வந்தவர். போன ஞாயித்துக்கிழமை போன் பண்ணினாரு. முதல் அன்பியத்துல முப்பத்தெட்டு வீடு முடிஞ்சுச்சாம், அதுல அஞ்சு வீட்டுல மகன் கல்யாணம் ஆகி தனியாப் போனது பங்கு நோட்டுல ஏறவே இல்ல, அந்த அஞ்சு பேரும் இவ்வளவு நாளா தங்களை யாரும் கேட்கவே இல்லைன்னு சொன்னாங்களாம்.